ஏழாம் வரி

ஜூன் 3
மாநாட்டில் கைதட்டல்! ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கிய நாற்பத்தொரு பிள்ளைகள். அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணைத் தினம் ஆறு மணி நேரம் மூடிவைப்பது வழக்கம். நான் இரண்டாகக் குறைத்தேன்; அப்படியும் பார்வை ஏறியதென்று படம் போட்டுக் காட்டினேன். பெரிய தலைகளெல்லாம் கைகுலுக்கின. வீட்டுக்காரர் மட்டும் போனில், “மூக்குக்கண்ணாடிய தலைமேல வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுற ஆளு, உனக்கா கைதட்டினாங்க?” பொறாமை.

ஜூன் 9
வாயாடி வந்தாள். ஏழரை வயது. ஆய்வின் செல்லப்பிள்ளை, மங்கிய கண்ணால் பட அட்டையின் ஏழாம் வரி வரை சொல்பவள். பரிசோதகர் நல்ல கண்ணை மூடினார். பட அட்டைக்குப் பின்னாலுள்ள விளக்கைப் போட மறந்துவிட்டார். இருட்டைப் பார்த்து அவள் கடகடவென்று, “வீடு, மீன், குடை, குடை, நிலா!”

பரிசோதகர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் போனதும் அவள் இருந்த இடத்திலிருந்து அட்டையைப் பார்த்தேன்; எனக்கே ஒரு படமும் தெரியவில்லை.

ஜூன் 10
பிப்ரவரியிலேயே பரிசோதகர் கேட்டார்: “எப்பவும் ஒரே அட்டையா மேடம்? பசங்க மனப்பாடம் பண்ணிடுவாங்க. பீரோவுல வேற ரெண்டு இருக்கு.”

நான் சொன்னது: “நடுவுல மாத்தினா குழம்பும். மாநாடு முடியட்டும்.”

மாநாடு முடிந்தது.

ஜூன் 11
புது அட்டை. வாயாடி இரண்டாம் வரியோடு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஜனவரியிலும் இரண்டுதான். ஐந்து மாதம் வீண் — வளரவளரத் தேறுவது கஷ்டமாகும் கண்ணில் ஐந்து மாதம்! அவமேல என்ன தப்பு? என்னைச் சந்தோஷப்படுத்தத்தானே மனப்பாடம் பண்ணினா? வரிக்கு ஒரு சாக்லேட்னு ஆசை காட்டினது யாரு? நாந்தானே?

ஜூன் 12
மிச்ச சாக்லேட்டை நானே தின்று தீர்த்தேன். அதற்கும் வெட்கமில்லை.

ஜூன் 13
அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தையல்காரி.

“ஆறு மணி நேரமே மூடியிருந்தா?”

“இந்நேரம் கொஞ்சம் தேறியிருக்கும்மா.”

“நேரத்தக் குறைச்சீங்கன்னு எவ்ளோ சந்தோஷமா உங்க கோட்டுக்குப் பட்டன் தச்சுக் குடுத்தேன் டாக்டர்.”

அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தேன். திட்டியிருக்கலாம். திட்டவில்லை, பாவி.

ஜூன் 27
எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. முப்பத்து மூன்று பேர் மனப்பாடப் புலிகள். அத்தனை பேருக்கும் மறுபடி ஆறு மணி நேரம். அச்சுக்குப் போன கட்டுரையைத் திரும்பப் பெற்றேன், காரணத்தோடு.

துறைத் தலைவர்: “கொஞ்சம் நாசூக்கா எழுதக் கூடாதாம்மா?”

“நாசூக்கா எழுதித்தான் சார் இங்க வந்து நிக்கிறேன்.”

டிசம்பர் 2
மூன்றாவது அட்டை. வாயாடி தட்டுத்தடுமாறி நாலாம் வரியை முடித்தாள்.

“அஞ்சாவது தெரியல டாக்டர். தெரியலன்னு சொல்லலாமா?”

“தாராளமா சொல்லு.”

நான் ஐந்து மாதத்தைத் தின்னாமல் இருந்திருந்தால் ஆறாம் வரிக்கு வந்திருப்பாளோ? யாருக்குத் தெரியும்? ‘நான்கு’ என்று என் கையாலேயே எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“இது நிஜ நாலா?”

“நிஜ நாலும்மா.”

அட்டையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “அடுத்து எப்ப வரணும்?” என்று கேட்டாள்.

என்னிடம்தான் கேட்டாள்.