ஹார்லன் கடைச் சுவர்

மே 9, வெள்ளி

காற்றே இல்லை. கடல் தூங்கி எழாத மாதிரி கிடந்தது. டார்பன் மீன்கள் மேலே வந்து, வாய் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் புரண்டு போயின. ஒவ்வொன்றும் ஆள் நீளம். எத்தனை வருஷம் படகோட்டினாலும் அதைப் பார்த்ததும் என் வாய் மூடிக்கொள்கிறது. என் புருஷன் ராய்ஸுக்கு அந்த ஒரு நிம்மதிதான், பாவம்.

இன்று வந்தவர் அட்லாண்டாவில் பல் வைத்தியர், கென்ட்ரிக் என்று பெயர். மீன் படகோரம் வந்ததும் மடியில் தூக்கி வைத்துப் படம் எடுக்கவேண்டும் என்றார். அதன் கனத்துக்கு உள்ளே எல்லாம் நசுங்கிவிடும், டார்பன் என் படகில் ஏறாது, நீங்கள்தான் கீழே இறங்க வேண்டும் என்றேன். அவரைப் படகோரம் குப்புறப் படுக்க வைத்து, கையை நனைத்து, மீனின் கீழ்த்தாடையைப் பிடிக்கச் சொன்னேன். செவுள் பக்கம் விரல் போகக் கூடாது. ராய்ஸ் படகை நடை வேகத்தில் முன்னே விட்டான். தண்ணீர் மீனின் வாய்க்குள் போய்ச் செவுள் வழியே வந்தது. அதற்கு மூச்சு திரும்பியதும் வாலால் ஓர் அடி. வைத்தியர் தொப்பலாக நனைந்து சிரித்தார்.

அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி: “ஒரு செதில் எடுத்துக்கட்டுமா?”

இல்லை என்றேன். கரை வரும்வரை மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மே 10

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாம் ஹார்லன் கடைச் சுவர் செய்த வேலை. ஹார்லன் ராய்ஸின் அண்ணன். படகுத்துறையில் மதுக்கடை வைத்திருக்கிறான். டார்பன் பிடித்தவர்கள் உள்ளங்கை அகலச் செதில் ஒன்றைப் பிடுங்கி, பேரும் தேதியும் எழுதி அங்கே ஆணியில் மாட்டுவது ஊர் வழக்கம். என் மாமனார் செதில் மேல் வரிசையில், பழுத்த மஞ்சளாக.

என் செதில் இல்லை. அடுத்தவர் மீனைத்தான் விடுவித்திருக்கிறேன். என் கையால் ஒன்றுகூடப் பிடித்ததில்லை.

“ஊரான் மீனுக்கெல்லாம் பிரசவம் பாத்தே காலத்த ஓட்டிட்டியே, வெர்னா,” என்றான் ஹார்லன் இன்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். வலித்தது.

மே 20

என் தோள்பட்டைக்குக் கத்தி வைத்தே ஆகவேண்டுமாம். ஜூன் பதினாறு. அதற்குப் பிறகு பெரிய மீனோடு இழுபறி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஒருபோதும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காரில் அழுகை வந்தது.

மே 21

இறால் போட்ட சோளக் கஞ்சி. இரண்டாவது தட்டு வாங்கும்போது ராய்ஸ் சொன்னான், பௌர்ணமி நீரோட்டத்துக்கு யாரையும் ஏற்ற வேண்டாம், நாம் இருவர் மட்டும் போவோம் என்று. “ஒரே ஒரு செதில். மீனு செத்தா போயிடும்?”

சாகாது. தெரியும். ஆனால் செதில் போன இடம் பச்சைப் புண். அதற்காகப் பிடித்து வைக்கும் நேரம் வேறு. அத்தனை பேருக்கும் இல்லை என்று சொன்ன வாய், எனக்கு மட்டும் ஆம் என்பதா?

ஆம் என்றேன். போகட்டும், ஒன்றே ஒன்று.

ஜூன் 11, புதன்

தோள் வலியில் எழுத்து கோணல்.

சாயங்காலம் கடல் வத்தும்போது நண்டு கூட்டமாக மிதந்து வந்தது. என் தூண்டில் முள்ளிலும் நண்டுதான் இரை. விழுந்ததும் கவ்வியது ஒரு பெரிய டார்பன். ஐந்தாறு துள்ளல். சண்டையை நீட்டினால் மீன் களைத்துச் சுறாவுக்குப் படையலாகிவிடும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். தோள் எரிந்தது. வந்துவிட்டது. படகோரம், பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண் என்னைப் பார்த்து. முள் வாயோரத்தில் அழகாக மாட்டியிருந்தது.

ராய்ஸ் இடுக்கியை எடுத்தான். அப்போதுதான் மீனுக்குப் பின்னால் ஒரு முதுகுத் துடுப்பு. சுத்தியல் தலைக் கொம்பன் சுறா, படகில் பாதி நீளம்.

“இருக்கு நேரம், வெர்னா. ஒரு நொடி. பிடுங்கிடுறேன்.”

இருந்தது நேரம். அதுதான் கொடுமை. அந்த ஒரு நொடி மீனுடையது. நான் தூண்டில் நரம்பை முள்ளோரம் வெட்டிவிட்டு, “படகைத் திருப்பு, குறுக்க விடு,” என்று கத்தினேன். திருப்பினான். சுறா ஒதுங்கியது. டார்பன் அடியில் போயிற்று.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு முகத்துவாரத்துக்கு அப்பால் ஒரு மீன் மேலே வந்து காற்றைக் குடித்துப் புரண்டது. என்னுடையதுதான் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் என்னுடையதுதான்.

ராய்ஸ் இடுக்கியை மெதுவாகப் பெட்டியில் போட்டான். திட்டவில்லை. சந்தோஷமாக இருந்தேன். சுவர் ஞாபகமே வரவில்லை, கரை தெரியும்வரை.

ஜூன் 12

ராய்ஸ் கடையில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். ஹார்லன் கேட்டுக்கொண்டே கண்ணாடிக் குவளை துடைத்தானாம். வழக்கம் வழக்கம்தான், செதில் இல்லாமல் சுவரில் பேர் ஏறாது. எதிர்பார்க்கவுமில்லை.

ஜூன் 15

நாளைக்குக் கத்தி, நாளை மறுநாள் வரை சாப்பிட முடியாதோ என்னவோ என்று ஹார்லன் கடையில் வறுத்த மீன் தின்னப் போனோம். மேல் வரிசையில், மாமனார் செதிலுக்குப் பக்கத்தில், ஒரு புது ஆணி. வெறும் ஆணி. கீழே பலகையில் கரிக்கோலால்: வெர்னா, ஜூன் 11.

“செதில் எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க, அத்தான்?” என்றேன்.

“மீனு மேல இருக்குன்னு சொல்லுவேன். தின்னு, ஆறுது.”

ஜூன் 23

இடது கை எழுத்து. வலி பரவாயில்லை. ராய்ஸ் சமையல் — அதுதான் வலி.

ஜூலை 8, செவ்வாய்

பல் வைத்தியர் மறுபடி வந்தார். நான் கரையில், கட்டுப் போட்ட கையோடு. ராய்ஸ்தான் கூட்டிப் போனான். நல்ல மீன், படகோரம் பிடித்து, மூச்சு வரவைத்து விட்டார்களாம். செதில் பற்றி வைத்தியர் வாயே திறக்கவில்லையாம்.

கரையேறியதும் நேராக ஹார்லனிடம் போய்ச் சுத்தியலும் ஓர் ஆணியும் கேட்டாராம்.