அழகம்மாளுக்கு நாலு அடி

உசிலம்பட்டி
22.3.2004

என் மகன் வயித்துப் பேத்தி சுபலட்சுமிக்கு, மூணாம் வகுப்பு மட்டும் படிச்ச உன் அப்பத்தா தன் கையாலேயே எழுதுறது.

உன் கடுதாசி நேத்து வந்துச்சு. படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. சிங்கப்பூர் மாமா வாங்கியாந்த விளையாட்டுப் பெட்டியில பூதம் வளர்க்கிற, அதுகளைச் சண்டைக்கு விடுற, சரி. பத்தாப்பு போகப் போற புள்ளைக்கு இது எதுக்குன்னு நான் கேக்கல. ஆனா கொம்பு வச்சு நெருப்புக் கக்குற ஒண்ணுக்கு என் பேரையா வைப்ப? நாளைக்கு அது தோத்தா, தோத்தது யாரு? அழகம்மாளுல்ல?

போன்ல பேசச் சொல்லியிருக்க. உங்க வீட்டுப் போனை உங்கப்பன் எடுப்பான். அவன் குரல் என் காதுல விழக் கூடாது. தொண்ணூத்தெட்டு ஆவணி, வெள்ளிக்கிழமை. கே.கே. நகர் வீட்டுக்குப் பால் காய்ச்ச, நம்ம செவலைப் பசு பாலைத் தூக்குவாளியில எடுத்துக்கிட்டு முதல் பஸ்ஸுக்கு ஏறினேன். செக்கானூரணியில பஸ் படுத்துருச்சு. நான் வந்து சேந்தப்ப மணி எட்டேகால். ஏழரையோட நல்ல நேரம் முடியுதுன்னு, உங்கப்பன் பரவைச் சம்பந்தியம்மா கையால பாலைப் பொங்க வச்சுட்டான். பெத்தவ வாளியோட வாசல்ல நிக்கிறேன். "என்ன ஆத்தா இம்புட்டு நேரம்?"னு கேக்குறான். அந்தப் படியை நான் மிதிக்கல, பாலோட அப்படியே திரும்பிட்டேன். இனியும் மிதிக்க மாட்டேன். உன் மேல கோபம் இல்ல தாயி. நீ அன்னிக்கு பாவாடையில சாம்பார் ஊத்திக்கிட்டு நின்ன.

பூதத்துக்குப் பேரை மாத்து.

அழகம்மாள்


கே.கே. நகர், மதுரை
29.3.2004

என் செல்லக் கோபக்கார அப்பத்தாவுக்கு,

பேரை மாற்ற முடியாது. இந்த விளையாட்டில் ஒரு பூதத்துக்கு இங்கிலீஷில் பத்து எழுத்துக்குள்தான் பேர் வைக்கலாம். உன் பேரை எழுதிப் பார்த்தேன். சரியாகப் பத்து! ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கே புல்லரித்துவிட்டது.

ஏதோ ஒரு பூதத்துக்கு வைத்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு அணிக்கு ஆறு பூதம். சிலது அடி வாங்கும், சிலது மருந்து போடும். உன் பேர் வைத்தது அடிக்கிறவளுக்கு. அவள் நன்றாக அமைந்தால்தான் ஜெயிக்க முடியும். முட்டையிலிருந்து வரும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கும். சோம்பேறி வரும், பயந்தாங்கொள்ளி வரும். எனக்கு வேண்டியது 'அவசரக்காரி'. முப்பத்தெட்டாவது முட்டையில்தான் கிடைத்தாள். பிறகு வேகம் ஏற்றினேன். முயல் மாதிரி ஒரு வேகமான பூதம் உண்டு. அதைத் தோற்கடிக்கத் தோற்கடிக்க நம் பூதத்துக்கும் வேகம் ஏறும். பரீட்சை முடிந்து பத்து நாளாக முயல் அடிப்பதே என் வேலை. அம்மா என்னைத் திட்டுவதே அவள் வேலை.

ஒரு பூதத்துக்கு நாலு அடிதான் தெரிந்திருக்கலாம். இப்போது அழகம்மாளுக்குத் தெரிந்தவை: நெருப்பு, நிலநடுக்கம், கொம்புக் குத்து, பழிக்குப் பழி. கடைசியாகச் சொன்னது என்னவென்றால், எதிரி எவ்வளவு அடிக்கிறானோ அதைப் போல இரண்டு மடங்கு திருப்பிக் கொடுக்கும்.

பெரியார் பஸ் நிலையம் பக்கத்தில் சோணைமுத்து அண்ணன் கேம் கடை வைத்திருக்கிறார். மே மாதம் அங்கே பெரிய போட்டி. பெண் பிள்ளை நான் ஒருத்திதான். அதனால் நான் ஜெயித்தே ஆகணும்.

உன் சுபா


உசிலம்பட்டி
4.4.2004

பத்து எழுத்துக்காரி பேத்திக்கு,

சரி, பேர் இருக்கட்டும். முப்பத்தெட்டு முட்டை பொரிச்சுப் பாத்துப் புடிச்சியே, அதுக்காக விடுறேன்.

நாலு அடின்னு எழுதியிருக்க பாரு, அதுல அந்தக் கடைசி அடி எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. வாங்கினதை ரெண்டா திருப்பிக் குடுக்கிறது. அது இருந்தாத்தான் அவ அழகம்மா. எனக்கும் கணக்கா நாலு இருக்கு, கேட்டுக்க. அறுபத்தொம்பதுல கிணத்து முறையில எனக்கு வர வேண்டிய தண்ணியத் தன் மொளகாய்க்குத் திருப்பினா முருகம்மாள். நம்ம பொழி வரப்புக் கல்லை ரெண்டு சாண் உள்ள தள்ளி நட்டான் நல்லகாமன். மூணாம் வகுப்புல, "இவளுக்கு எதுக்குப் படிப்பு"ன்னு என் சிலேட்டைப் புடுங்கித் தம்பிகிட்ட குடுத்தார் வாத்தியார். நாலாவது உங்கப்பன். நாலும் அன்னிக்குப் பாத்த மாதிரி கண்ணுக்குள்ள நிக்குது. எழுபதைத் தாண்டிட்டேன், ஒண்ணும் உதிரல.

முருகம்மாகிட்ட நேத்து, "என் பேர்ல மதுரையில ஒரு பூதம் இருக்கு, நெருப்புக் கக்குது"ன்னு சொல்லிட்டு வந்தேன். அவ, "அது இங்கேயே இருக்கே"ங்கிறா. இருக்கட்டும், அவளுக்கு இருக்கு.

அழகம்மாள்


கே.கே. நகர்
20.4.2004

அன்பு அப்பத்தா,

தோற்றுவிட்டேன். போட்டியில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பழகிப் பார்த்தபோது. மஹால் பக்கத்துப் பையன் கிரிதரன் ஒரு நீர்யானைப் பூதம் வைத்திருக்கிறான். நம்மவள் நெருப்பும் மண்ணும். தண்ணீர் பட்டால் நாலு மடங்கு வலி. அவன் ஒரே பீய்ச்சு, விழுந்துவிட்டாள். "அழகம்மா பாட்டி அவுட்" என்று சிரித்தான். காது சுட்டது.

யோசித்துப் பார்த்தேன். அவள் வேகமானவள், ஆனால் உடம்பு மெலிசு. அவள்தான் முதலில் அடிக்க வேண்டும். 'பழிக்குப் பழி' அடி வாங்கும் வரை காத்திருக்கச் சொல்கிறது. வாங்கிய முதல் அடியிலேயே விழுந்துவிட்டால் எங்கே திருப்பிக் கொடுப்பது? நீர்யானைக்குத் தேவை 'இடி'. ஆனால் நாலுக்கு மேல் இடம் இல்லை. புதிதாக ஒன்றைக் கற்க வேண்டுமென்றால், "எதை மறக்க வேண்டும்?" என்று விளையாட்டே கேட்கிறது. மறந்தால் மறந்ததுதான், திரும்ப வராது. ஒரு நாள் முழுக்க அந்தக் கேள்வியைத் திறந்தபடியே வைத்திருந்தேன். கடைசியில் பழிக்குப் பழியை எடுத்துவிட்டேன். கோபிக்காதே.

போட்டி மே ஒன்பதாம் தேதி, ஞாயிறு காலை பத்து மணி. சோணைமுத்து அண்ணன் கடை மாடியில். அது எங்கள் வீடு இல்லை, வந்தால் உன் சபதத்துக்கு ஒன்றும் ஆகாது. நீ வரணும் அப்பத்தா. உன் பேரைக் கூப்பிடும்போது நீ அங்கே இருக்கணும்.

சுபா


உசிலம்பட்டி
26.4.2004

சுபலட்சுமிக்கு,

மறக்கிறதாம்! என் பேரையும் வச்சுட்டு, மறக்கவும் சொல்லிக் குடுத்துட்டியா? எல்லாத்தையும் விட்டுட்டு அதைத்தான் எடுப்பியா? கொம்புக் குத்தை எடுத்திருக்கலாம்ல? உங்கப்பன் புத்தி உனக்கும் இருக்கு. முக்கியமானதை விட்டுட்டு நேரம் பாக்குற புத்தி.

நான் வரல. நெல்லு அவிக்கிற வேலை கெடக்கு.

அழகம்மாள்

பின்குறிப்பு: அந்தக் கடைக்குப் பெரியார்ல எறங்கி எந்தப் பக்கம் போகணும்? சும்மா கேட்டேன்.


கே.கே. நகர்
11.5.2004

என் அப்பத்தாவுக்கு,

கப்பை உன் மடியில் வைக்கத் திரும்பிப் பார்த்தால் உன் நாற்காலி காலி. உசிலம்பட்டி பஸ்ஸிலேயே ஏறிவிட்டாயாம். அப்பா கீழே வரை ஓடினார், பஸ் போய்விட்டது.

நீ பார்த்தாய்தானே? கடைசி ஆட்டம், கிரிதரனுடைய நீர்யானை. அது வாயைத் திறப்பதற்குள் நம்மவள் இடியை இறக்கினாள். ஒரே இடி! மைக்கில் "அழகம்மாள் வென்றாள்" என்றதும் மாடியே "அழகம்மா, அழகம்மா" என்று கத்தியது. நீ அப்போது எழுந்து நின்று முந்தானையைச் சரி செய்ததை நான் பார்த்தேன்.

ஒன்று சொல்லணும். சொல்லாதே என்று அப்பா சொன்னார், ஆனாலும் சொல்கிறேன். உன் பின்குறிப்பை அவரிடம் காட்டியிருந்தேன். நீ படியேறி வந்தபோது மணி பத்தே முக்கால். "இப்பத்தான் கரண்ட் வந்துச்சு, உட்காருங்க அப்பத்தா" என்று சோணைமுத்து அண்ணன் சொன்னாரே, அது பொய். கரண்ட் போகவே இல்லை. பத்து மணிக்கு ஆரம்பிக்கப் போனார்கள். அப்பா போய் ஆட்டத்தைக் காட்டும் டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "எங்க ஆத்தா பஸ் வரணும், வந்தாத்தான் ஆரம்பிக்கணும்" என்றார். கிரிதரனுடைய அப்பா வாட்சைப் பார்த்து, "நேரமாச்சு சார்" என்றார். அதற்கு அப்பா, "ஒரு தடவை நேரம் பாத்தேன் சார். ஆறு வருஷமா எங்க ஆத்தா என் முகத்தைப் பாக்கல. இன்னைக்கு நான் நேரம் பாக்க மாட்டேன்" என்றார். முக்கால் மணி நேரம், பிளக்கைக் கையில் பிடித்தபடி, ஜன்னல் பக்கமே நின்றார். உன் தலை தெருவில் தெரிந்த பிறகுதான் மாட்டினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

உன் சுபா


உசிலம்பட்டி
18.5.2004

ஜெயிச்ச சிறுக்கி சுபலட்சுமிக்கு,

கடுதாசியை அஞ்சு தரம் படிச்சேன். நாலு தரம் நீ ஜெயிச்சதுக்கு.

என் பேரை அம்புட்டுப் பேர் சேந்து கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. என் கல்யாணத்துலகூட "பொண்ணைக் கூப்பிடு"ன்னாங்களே தவிர பேரைச் சொல்லல. பழிக்குப் பழி இல்லாமலே அவ ஜெயிச்சுட்டா. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான், மறைக்கல. ஆனா இடி நல்லா இருந்துச்சு. முருகம்மாகிட்டச் சொன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. பொறாமை. அதையும் குறிச்சு வச்சுக்கிட்டேன்.

இப்ப ஒரு சங்கடம். எனக்கு நாலுதான் இருந்துச்சு, நாலும் நெறைஞ்சு இருந்துச்சு. புதுசா ஒண்ணு வந்து நிக்குது. அம்புட்டுப் பேர் முன்னால, என் மகன் ஒரு பிளக்கைப் புடுங்கிக்கிட்டு ஜன்னல் ஓரமா நிக்கிறான். கண்ணை மூடினா அதுதான் தெரியுது. வைக்க எடம் இல்ல. எதை எடுக்கன்னு ஒரு வாரமா யோசிச்சேன். கிணத்துத் தண்ணிய எடுக்க முடியாது. வரப்புக் கல்லு இன்னும் அங்கேயேதான் இருக்கு. வாத்தியார் செத்துப் போனார், ஆனா சிலேட்டு சிலேட்டுதான்.

மிச்சம் எது இருக்குன்னு நீயே எண்ணிக்க. உங்கப்பன்கிட்டச் சொல்லாத. நாலு நாள் அவன் யோசிக்கட்டும்.

வர்ற சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வாரேன். செவலை இப்ப இல்ல, அவ கன்னு வளந்து கறக்குது, அந்தப் பாலைத்தான் கொண்டாரேன். அதே தூக்குவாளிதான். பஸ் வழியில படுத்தாலும் படுக்கும். எந்நேரம் ஆனாலும் நான் வந்துதான் அடுப்பைப் பத்த வைப்பேன். அதுவரைக்கும் உங்க வீட்டுல ஒருத்தரும் காப்பி குடிக்கக் கூடாது.

இப்படிக்கு,
பத்து எழுத்து
அழகம்மாள்