ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் டைமர்

பொம்மனஹள்ளி
12.3.2003

அன்புள்ள செண்பகம்,

உன் முதுகுவலி குறைந்ததா? குழந்தை பொன்னி சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

கம்பெனிப் புல்வெளிக்கு நான் பொருத்திய டைமரை இன்று ஓட்டிப் பார்த்தோம். சரியாக எட்டு மணிக்கு வால்வு தானாகவே திறந்து, பத்து ஸ்பிரிங்க்ளரும் சுழன்று தண்ணீரைப் பீய்ச்சின! ஒரு குழாய் மட்டும் கழன்று மேனேஜரை நனைத்துவிட்டது. பயந்தே போனேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமையும் இதுவே தண்ணி விட்டுடுமா?" என்றார்.

"விட்டுடும் சார்."

"அப்ப நீ எதுக்குப்பா அன்னிக்கும் வர்றே? ஊருக்குப் போயிட்டு வா."

ஏழு மாதத்துக்குப் பிறகு லீவு! அடுத்த வாரம் சனிக்கிழமை சாயந்திரமே பஸ் ஏறிவிடுவேன்.

பொன்னியின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து உடனே அனுப்பு. செருப்பு வாங்கக் கடைக்குப் போனேன்; அளவு கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை.

தபால்காரர் வந்து பெட்டியைத் திறக்கிறார்; இத்துடன் முடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

உன்
மாணிக்கவேல்