உழக்கு நுழையாத இடத்தில் ஒரு ஜாக்

என் செல்லச் சண்டைக்காரி அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் வண்டியைத் தூக்கினேன். நானேதான் தூக்கினேன். தெருவே கைவிட்ட வண்டி அது. இதை முதலில் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதும் வேண்டுமென்றேதான். உன்னைப் பற்றி முணுமுணுத்தவர்கள் கண்ணிலும் படட்டும்.

கைலாசபுரத்துத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நீ காசிக்குப் போவாய், ராமேஸ்வரம் போவாய் என்று உறவுக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். நீ போய் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு திரும்பி வந்தாய். இரண்டே சீட். தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகிற வண்டி. ஏறி உட்கார்ந்தால் பாயில் காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். திருவானைக்காவல் தெருவில் அதை நீ முதல் முறை ஓட்டி வந்தபோது சித்தப்பா வாசலில் நின்றபடியே தலையில் அடித்துக்கொண்டார். நீ ஹாரன் அடித்துவிட்டுப் போனாய்.

எங்கே புதிதாக வேகத்தடை போட்டாலும் நீ வீட்டில் அரிசி அளக்கிற உழக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். மேட்டின் பக்கத்தில் அதை நிறுத்தி, குனிந்து பார்ப்பாய். உழக்கை விட மேடு உயரமாக இருந்தால் அந்தத் தெருவுக்கு அன்றோடு முழுக்கு. வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே அந்த உழக்கு மட்டுமட்டாக நுழையும் என்பது உன் கணக்கு. படியளக்கிற அம்மா என்று தெருவில் உனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். உனக்கு அதில் பெருமை வேறு.

போன வருஷம் ஒரு சாயங்காலம் முக்கொம்பு வரை போய் வந்தாய். ஷெட்டில் நிறுத்தினாய், ஹேண்ட் பிரேக் போட்டாய், இன்ஜினை அணைத்தாய். இறங்கவில்லை. என்ன இவ்வளவு நேரம் என்று பார்க்க வந்த அப்பாதான் உன்னை முதலில் பார்த்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். ஆனால் டாக்டர் சொல்வதை யார் கேட்கிறார்கள்? கண்பட்டுவிட்டது என்றார்கள், சிவப்பு ஆகாது என்றார்கள், ராசியில்லாத வண்டி என்றார்கள். கண்ணும் படவில்லை, மண்ணும் படவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. துக்க வீட்டில் கத்தக் கூடாதாம், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஷெட் கதவை யாரும் திறக்கவில்லை. உன் வருஷத் திதி முடிந்த அன்று சித்தப்பா, பழைய கார் வாங்குகிற ஆள் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டி இழுத்துக்கொண்டு போவார் என்றார். வண்டி எனக்கு வேண்டும் என்றேன். அப்பா தலை நிமிராமல் சொன்னார்.

"வேண்டாம்மா. அந்த சீட்டுல இனிமே யாரும் உக்கார வேண்டாம். அது அவளைக் கொண்டுபோயிடுச்சு. உன்னையும் குடுக்க என்னால முடியாது."

அப்பாவிடம் என்னவென்று சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன். உன் வயிற்றில் பிறந்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? கடைசியில் அவர் சலித்துப்போய், "ஒரு வருஷமா அசையாம கெடக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அது தானா ஓடி கேட்டைத் தாண்டட்டும், அப்பறம் நான் வாயே தொறக்கலை" என்றார். தாண்டாது என்ற நம்பிக்கையில் சொன்னதுதான். நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஷெட்டைத் திறந்தால் முன்பக்கத்து இடது டயர் பக்கவாட்டில் பிளந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. காற்றடித்தால் நிற்காது, புது டயர்தான் போட வேண்டும். பேட்டரி சார்ஜ் ஏற்றியதும் இன்ஜின் இருமிக்கொண்டே கிளம்பிவிட்டது. டயரை மாற்ற வண்டியைத் தூக்க வேண்டுமே? தெருமுனை மெக்கானிக் தன் ஜாக்கை உருட்டிக்கொண்டு வந்தார். அதன் மூக்குகூட அடியில் போகவில்லை. "நாலு ஆளைக் கூட்டியாந்து அலாக்காத் தூக்கிடலாம்க்கா, ஓரமெல்லாம் கொஞ்சம் நெளியும், பரவால்லையா?" என்றார். பரவாயில்லையா? நீ இருந்திருந்தால் அவரை நெளித்திருப்பாய்.

வண்டியில் காற்றுள்ள பக்கம் உன் உழக்கை விட்டுப் பார்த்தேன். மட்டுமட்டாக நுழைந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு பாலக்கரையில் ஒரு வண்டிச் சாமான் கடைக்குப் போனேன்.

"இத எடுத்துக்குங்கம்மா, மூணு டன். லாரியையே தூக்கும்" என்றார் கடைக்காரர்.

"லாரி எங்கிட்ட இல்லைங்க. எவ்வளவு ஒசரம் தூக்கும்னு நான் கேக்கலை. எவ்வளவு தாழும், அதைச் சொல்லுங்க."

"சார் யாரையாச்சும் கூட்டிட்டு வந்தீங்கன்னா வெளக்கமா சொல்லிடுவேன்."

"சார் யாரும் வர மாட்டாங்க. எனக்கே சொல்லுங்க."

உழக்கை எடுத்து அவருடைய ஜாக்குகளின் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கடையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். உழக்கு உயரத்துக்குத் தாழ்கிற ஒன்றைக் கண்டுபிடித்து, வெற்றியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்து தள்ளினால் உள்ளே போக மாட்டேன் என்கிறது.

எங்கே தப்பு செய்தேன், தெரிகிறதா? சிரிக்காதே. அளந்தது காற்றுள்ள பக்கத்தில். தூக்க வேண்டியது டயர் உட்கார்ந்துபோன பக்கத்தில். அங்கே வண்டி இன்னும் இறங்கியிருக்கிறது. நல்ல டயர் உள்ள பக்கத்துக்கு எதற்கு ஜாக்? ஆனால் அந்த உழக்கு உன் கை பட்டது, அது பொய் சொல்லாது என்று நினைத்துவிட்டேன். நீயே வந்து அளந்திருந்தாலும் அந்தப் பக்கம்தான் அளந்திருப்பாய், சத்தியமாக.

இந்தத் தடவை சாய்ந்த பக்கத்தில் விட்டுப் பார்த்து, அங்கே நுழைந்த சின்ன ஆழாக்கோடு போனேன். கடைக்காரர் பரண் மேலிருந்து இரண்டு ஜாக்குகளை இறக்கினார். இரண்டும் நாய்க்குட்டி படுத்த மாதிரி தட்டையாக இருந்தன. ஒன்று அலுமினியம், ஒரு கையால் தூக்கலாம். இன்னொன்று இரும்பு, நல்ல கனம். கூட்டிப் போய் ஊர் காட்டவா போகிறேன்? ஷெட்டிலேயே கிடக்கப் போகிறது, ஆடாமல் நின்றால் போதும் என்று இரும்பையே எடுத்தேன். கழுத்து நீளமாக இருக்கிறதா என்று பார்த்தேன், ஏனென்றால் வண்டியடியில் ஜாக் தாங்கிப் பிடிக்கிற இடம் நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. கைப்பிடியை ஏற்றி இறக்கும்போது பம்பரில் இடிக்காதா என்றும் கடையிலேயே உட்கார்ந்து அழுத்திப் பார்த்தேன். ஜாக்கின் தலையில் வைக்க ஒரு ரப்பர் வட்டு, தூக்கிய பிறகு முட்டுக்கொடுக்க இரண்டு ஸ்டாண்டு, இவற்றைக் கடைக்காரரே எடுத்து வைத்தார். "ஜாக்கை மட்டும் நம்பி வண்டியில கைய வெச்சிடாதீங்கம்மா" என்றார். அவரிடம் எனக்கிருந்த கோபம் அதோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா அந்த ஆளோடு வந்தபோது உன் வண்டி ஸ்டாண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. பழைய டயர் கழன்று, புது டயர் பக்கத்தில் கிடக்க, நான் கை முழுக்க மசியோடு உட்கார்ந்திருந்தேன்.

"பொம்பளை செய்யிற வேலையா இது?"

"ஆமா சித்தப்பா. அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

அவர் எடுக்கவில்லை. வாங்க வந்தவர்தான் எடுத்துக் கொடுத்தார், பாவம்.

அப்பா ஷெட் பக்கம் வரவில்லை. முற்றத்தில் முதுகைக் காட்டி நின்றார். நட்டை முறுக்கிக்கொண்டே அந்த முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"அது அம்மாவைக் கொண்டுபோகலைப்பா. முக்கொம்புலேயே என்னவோ பண்ணியிருக்கும் அவளுக்கு. அவ்வளவு தூரம், காவேரிப் பாலத்து நெரிசல்ல, வழியில எங்கயும் விடாம உங்க வாசலுக்குக் கொண்டுவந்து சேத்துச்சு. ரோட்டுல யாரோ பாக்காம நீங்க பாத்தீங்க. அதுக்கு மேல ஒரு வண்டி என்ன செய்யும்?"

அப்பாவின் தோள் குலுங்கியது. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் ஜாக்கை இறக்கும்போது கவனம் பிசகக் கூடாது. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். நான்கு டயரும் தரையில் நின்றன.

பிறகு உன் சீட்டில் உட்கார்ந்தேன். கிளப்பினேன். அடி தட்டாமல் வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் நின்றது. கண்ணாடியில் பார்த்தால் அப்பா வாசல் வரை வந்திருந்தார். வாங்க வந்தவரிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"தாண்டிடுச்சுப்பா. நீங்க போயிட்டு வாங்க."

சித்தப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அப்பா வண்டியில் ஏறவில்லை, நானும் ஏறச் சொல்லவில்லை. நான் வெளியே கிளம்பினால் திரும்பும் வரை வாசலிலேயே நிற்கிறார். அந்தப் பயம் ஒரு வாரத்தில் போகுமா?

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா. ஓட்ட மாட்டேன் என்று மட்டும் என்னைக் கேட்காதே. ஸ்ரீரங்கம் போவேன், கே.கே. நகர் போவேன், முக்கொம்புக்கும் போவேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, இன்ஜினை அணைத்து, நானே கதவைத் திறந்து இறங்கி, "வந்துட்டேன்பா" என்று அவர் எதிரில் நிற்பேன்.

உன்னை விட ஒரு பிடி அதிகமாகவே சண்டை போடுகிற
உன் மகள்