பட்டியலில் இல்லாத பழம்

12 செப்டம்பர் 2023, தைனான்

மருத்துவமனைக்குப் போய் வந்தேன். காடை முட்டை அளவில் இருந்த கழுத்துக் கட்டி பட்டாணியாகியிருக்கிறது. "மெதுவா வளர்ற புற்றுநோய்தான், பாத்துக்கிட்டு இருப்போம்" என்றே நான்கு வருஷம் ஓட்டினார்கள். பார்த்தது அவர்கள், சுமந்தது நான். புது மாத்திரையைச் சோதிக்க ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நானே போய்க் கையெழுத்துப் போட்டேன். ஐந்து மாதமாகிறது. இருபத்தெட்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவளுக்கு நிறுத்தத்தில் சும்மா உட்காரத் தெரியாது.

29 செப்டம்பர்

நிலாப் பண்டிகை. தங்கை பீ-யுன் தன் தோட்டத்துப் பம்பளிமாஸ் ஒரு பெட்டி கொண்டுவந்தாள்; இந்தப் பண்டிகைக்கு இங்கே வீட்டுக்கு வீடு அந்தப் பழம்தான். உரித்த தோலை என் தலையில் தொப்பியாகக் கவிழ்த்து, "ராணியாட்டம் இருக்கக்கா" என்று சிரித்தாள். ஒரு பழத்தை முழுசாகத் தின்றேன்.

3 அக்டோபர்

தினம் ஒன்று. பெட்டி பாதி காலி.

5 அக்டோபர்

கையெல்லாம் கன்றி நீலம். மூக்கில் வந்த ரத்தம் நிற்க அரை மணி ஆனது. மாத்திரையோடு கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். 'கிரேப்ஃப்ரூட் கூடாது.' அதை இங்கே யார் தின்கிறார்கள்? பம்பளிமாஸ் பற்றி ஓர் எழுத்து இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நாரத்தை ஜாதிப் பழம்தானே. பெட்டியை மூடி வைத்தேன்.

பீ-யுனிடம் சொன்னேன். "வாயத் தொறக்காதக்கா. விதிய மீறிட்டன்னு வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் அந்த மாத்திரைக்கு எங்க போவ?" அழுதாள். அவள் கொடுத்த பழமாயிற்றே.

சொல்லாவிட்டால், மாத்திரைதான் ரத்தம் வரவைத்தது என்று எழுதிக்கொள்வார்கள். எனக்குப் பின்னால் வருகிறவளுக்கு அந்த மாத்திரை கிடைக்காமலே போகலாம். என் உடம்ப வச்சுப் பொய் எழுத விடமாட்டேன். அனுப்பினா அனுப்பட்டும்.

6 அக்டோபர்

"புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" ஆராய்ச்சி நர்ஸ் ஜியான் வழக்கம்போல் கேட்டாள்.

"ஏழு பம்பளிமாஸ்."

அவள் எழுந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் லியாவ் வந்தார். "அது மாத்திரைய உடம்புலயே தேங்க விட்டுடும்மா. கிரேப்ஃப்ரூட் கூடாதுன்னு போட்டிருக்கோமே."

"போட்டிருக்கீங்க. பண்டிகைக்கு நீங்க என்ன பழம் தின்னீங்க டாக்டர்?"

காது சிவந்தது அவருக்கு. "பம்பளிமாஸ்தான்."

"அப்ப அதப் போடுங்க. என்னை அனுப்பறதுன்னா, தாளைத் திருத்திட்டு அனுப்புங்க."

மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நான் தொடரலாமா என்று ஆராய்ச்சிக் குழு முடிவு செய்யுமாம்.

7 அக்டோபர்

பயமா இருக்கு. சொன்னதுக்கு வருத்தம் இல்ல. பயம் வேற, வருத்தம் வேற.

20 அக்டோபர்

மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடப் புதுத் தாள் வந்தது. கிரேப்ஃப்ரூட்டுக்குக் கீழே பம்பளிமாஸ், படத்தோடு. பக்கத்து நாற்காலியில் அதே தாளோடு இருந்தவர் படித்துவிட்டு, "இதுவுமா?" என்று முனகினார்.

"இதுவுந்தான்" என்றேன்.

17 செப்டம்பர் 2024

நிலாப் பண்டிகை. காலை மாத்திரை போட்டாயிற்று. கட்டி முழுசாகப் போகவில்லை. மிளகளவு உட்கார்ந்திருக்கிறது, உட்காரட்டும்.

பீ-யுன் வந்தாள். பழத்தை வீட்டிலேயே தின்று தீர்த்துவிட்டு, தோலை மட்டும் கொண்டுவந்திருந்தாள். தலையில் கவிழ்த்தாள். சாயங்காலம் வரை நான் அதைக் கழற்றவில்லை.