மன்னிச்சுக்கங்க

ஞாயிறு இரவு, பதுளை

இன்றைக்குத் தூக்கம் வராது. பிரதேச சபைத் தேர்தலில் நிற்கும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு மேடைப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். மைக்கைப் பிடித்ததும் எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "தப்பா ஏதும் பேசிட்டா மன்னிச்சுக்கங்க." வாயைத் திறப்பதற்கு முன்பே மன்னிப்பு! அந்த ஒரு வரியைப் பிடுங்கி எறியத்தான் இத்தனை வாரமாகத் தொண்டை வற்றக் கத்தினேன்.

இன்று ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கூட்டத்தில், என்னிடம் பயிற்சி எடுத்த வேட்பாளர் செல்வமலர் அதைச் சொல்லவில்லை. லயத்து வீடுகளில் குழாய் இருந்தும் தண்ணீர் வராததை, கொழுந்து பறிக்கும் மலையில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லாததை நேராகவே கேட்டாள். பெண்கள் கைதட்டினார்கள்.

உடனே கட்சி அமைப்பாளர் மைக்கை வாங்கிச் சிரித்தார். "தங்கச்சி அரசியலுக்குப் புதுசு. தப்பா ஏதும் பேசியிருந்தா மன்னிச்சுக்கங்க." அதற்கும் கைதட்டல். ஆண்கள் பக்கம் விசில் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டம் கலைந்து நான் வேனில் ஏறும்போது செல்வமலர் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் என்னா தப்பா பேசுனேன்?"

"ஒரு தப்பும் இல்லம்மா."

"நீங்களும் மேடையிலதானே ஒக்காந்திருந்தீங்க? அத அங்கயே மைக்ல சொல்லியிருக்கலாமேக்கா."