பதினொன்றும் பதினாலும் சேர்ந்த பதிவு

என் நெஞ்சுக்கு நெருக்கமான நசீர் மச்சானுக்கு,

நீ எங்களையெல்லாம் விட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் இரண்டு தடவை பழக்கதோஷத்தில் உன் எண்ணுக்கு போன் போட்டுவிட்டேன். முதல் தடவை உன் மனைவி பர்வீன் எடுத்து, "சொல்லுங்கண்ணா" என்றாள்.  பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா என்று எதையோ கேட்டு வைத்தேன். இரண்டாம் தடவை யாரும் எடுக்கவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று.

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் நம் இருவருக்கும் பேர் வாங்கிக் கொடுத்தானே அந்த ஜெர்மன் இசையமைப்பாளன், அவனுடைய சொனாட்டா என்ற பியானோ இசையை நாம் போட்ட பதிவுக்குக் கீழே இதன் இணைப்பைப் போடப்போகிறேன். நெட்டில் நம் சேனலைக் கேட்கிறவர்கள் எல்லாரும் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் அவர்களிடம் மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உன்னை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ், நீ குவாலிட்டி. கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். மடியில் இருந்த பையின் மேல் நான் விரலை ஆட்டிக்கொண்டே வந்ததைப் பத்து நாள் பார்த்துவிட்டு, பதினோராம் நாள் கேட்டாய்: "இன்னா சார், இந்த வயசுல டைப்பிங் பழகிக்கினு கீறியா?"

பியானோ என்று சொன்னேன். சிரிப்பாய் என்று நினைத்தேன். "வூட்டுல கீதா? வந்து பாக்கலாமா?" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே மேற்குத் தாம்பரத்திலிருந்து செம்பாக்கத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாய்.

சர்ச்சில் பாட்டுக்கு கீபோர்டு வாசித்துப் பழகியவன் நான். நாற்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு, மூடிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பழைய பியானோவை வாங்கி, புத்தகத்தை வைத்துத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டிருந்தேன். கேட்க ஆள் இல்லை. என் மனைவி ஸ்டெல்லா அடுப்படியில் நின்றபடி கேட்பாள், அவ்வளவுதான். உனக்கோ அந்த இசையில் ஆனா ஆவன்னா தெரியாது. ஆனாலும் முழுக்கக் கேட்டுவிட்டு, "இத நாலு சுவத்துக்குள்ள வச்சிக்கினு இன்னா பண்ணப்போற? நெட்ல போடு மச்சான், நான் ரெக்கார்ட் பண்ணித் தரேன்" என்றாய். நான் சார் என்ற நிலையிலிருந்து மச்சான் ஆனது அந்த நிமிடத்தில்தான்.

மிஷின் மேனுவலைப் படிப்பது போல ரெக்கார்டர் மேனுவலை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தாய். மைக்கை எங்கே வைப்பது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டாய். ஸ்டெல்லா அதைத் துடைத்துவிட்டாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவோம், ஃபேனை நிறுத்துவோம், ஜன்னலைச் சாத்துவோம். மேல் வீட்டு லலிதா அக்கா எட்டிப்பார்த்து, "ரெக்கார்டிங்கா? சரி சரி, மோட்டார நாலு மணிக்கு மேல போட்டுக்கறேன்" என்பார். வேர்த்து விறுவிறுத்து இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். அதைப் போல சந்தோஷமான மதியங்கள் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். முதலிலிருந்து கடைசி வரை ஒரே தடவையில் வாசித்ததைத்தான் போட வேண்டும். தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. "நல்ல துண்டா எடுத்து ஒட்டிப் போட்டா அது வாசிப்பில்லடா, தையல் வேலை" என்று உன்னிடம் பெரிதாகப் பீற்றிக்கொண்டேன். உனக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே நீயே எழுதினாய்: ஒரே மூச்சில் வாசித்தது, வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. வாசித்து முடித்ததை நான் திரும்பக் கேட்கமாட்டேன். கேட்டால் உடம்பு கூசும். என் தப்புகள் மட்டும்தான் என் காதில் விழும். நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பாய், கம்பெனியில் சொல்வது போலவே "பாஸ்" என்றோ "ரிஜெக்ட்" என்றோ சொல்வாய். பாஸ் என்றால் பதிவு போகும். "ஒரு வாட்டி நீயும் கேளேன்டா" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்! "நீ கேட்டா நான் கேட்ட மாதிரி" என்று காபி போட எழுந்து போய்விடுவேன்.

சொனாட்டா அன்று நடந்தது நினைவிருக்கிறதா? மெதுவான நடுப்பகுதி. இடது கை ஓர் இடத்தில் துள்ளித் தாண்டிப் போக வேண்டும். போகவே மாட்டேன் என்றது. மூன்று ஞாயிறு வீணாய்ப் போயிற்று. நாலாவது ஞாயிறு பதினேழு தடவை வாசித்தேன். பதினேழாவதும் தவறியதும், பியானோ மூடியைப் படாரென்று சாத்தினேன். "போதும்டா. இது நமக்கு வராது. வயசான காலத்துல எதுக்கு இந்த வீம்பு? இதோட எல்லாத்தையும் விட்டுர்றேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பியானோவை விற்க ஆள் பார்க்கச் சொல்லி ஸ்டெல்லாவிடமும் சொன்னேன்.

நீ ஹெட்போனோடு வெகுநேரம் குனிந்தே இருந்தாய். பிறகு நிமிர்ந்து, "மச்சான், பதினாலு ஓகே. பாஸ்" என்றாய்.

நம்பினேன். பதினேழு தடவை வாசித்தவனுக்கு எதில் எது சரியாக வந்தது என்று நினைவா இருக்கும்? செம்பாக்கம் ஏரியை நீ எடுத்த படத்தோடு அந்த வாரமே அந்தப் பதிவு ஏறியது. யார் யாரோ கேட்டார்கள். முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து எழுதினார்கள். பியானோ சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மா, "வெட்டி ஒட்டாமல் வாசிப்பது என்றால் என்ன என்று என் மாணவர்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்" என்று எழுதியிருந்தார். அதை பஸ்ஸில் உனக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வண்டலூர் தாண்டும் வரை நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். கூச்சப்படுகிறான் என்று நினைத்தேனே, நான் எப்பேர்ப்பட்ட முட்டாள்!

போன மாதம் பர்வீன் உன் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதுல பூரா உங்க வாசிப்புதான்ணா கெடக்குது. நீங்களே வச்சிக்கங்க" என்றாள். எல்லாம் தேதிவாரியாக, எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது தடவை வாசித்தது என்ற எண்வாரியாக, நீ ஸ்டோர்ஸுக்கு அனுப்பும் ரிப்போர்ட் போலவே அடுக்கி இருந்தது. உன் குரல் நடுநடுவே இருக்கும் என்பதற்காகவே, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்க உட்கார்ந்தேன்.

பதினாலாவது டேக்கில் இடது கை தாண்டும் இடம் வந்தது. தப்பு. அப்பட்டமான தப்பு. திகைத்துப்போய் பதினொன்றைத் திறந்தேன். அதில் அந்த இடம் சரியாக இருக்கிறது, ஆனால் நான் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். அதற்குக் கீழே கடைசிக் கோப்பு. அதற்கு நீ வைத்திருந்த பெயர்: "ரீவொர்க் 11+14". இரண்டையும் ஒட்டிய இடத்தில், பெடலை மிதிப்பதால் நீளும் கார்வை ஒரு நொடிக்கும் குறைவாக முன்னதாகவே அறுந்துபோகிறது. வாசித்தவன் காதுக்கு மட்டும்தான் அது தெரியும்.

பக்கத்திலேயே இன்னொரு சின்னக் கோப்பு. திறந்தால் என் பேரைப் போட்டு ஒரே வரி. "செல்வின் கிட்ட சொல்லணும்."

கம்பெனியில், சரிசெய்த பாகத்துக்கு 'ரீவொர்க்' என்று எழுதிய மஞ்சள் அட்டை கட்டாமல் லாரியில் ஏற்றக்கூடாது என்று மேனேஜரையே எதிர்த்து நின்றவன் நீ. "ரீவொர்க் பண்றது தப்பில்ல சார், அத மறைக்கறதுதான் தப்பு" என்று நீ கத்தியது ஸ்டோர்ஸ் வரைக்கும் கேட்டது. அப்படிப்பட்டவன் என் விஷயத்தில் மட்டும் அட்டையை எழுதி வைத்துக்கொண்டு, கட்டாமலே இருந்திருக்கிறாய்.

மூன்று நாள் உன் மேல் எரிச்சலாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். இத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்யனாக்கிவிட்டாயே என்று இருந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? உன்னை அடக்கம் செய்த கபர்ஸ்தான் வாசல் வரை வந்தேன். உள்ளே வந்து உன்னிடம் கோபித்துக்கொள்ள வெட்கமாக இருந்ததால் திரும்பிவிட்டேன்.

பிறகு பர்வீனிடம் போனேன். அந்தப் பதிவின் முடிவில், நான் கையை எடுத்த பிறகு, நீ மெல்ல "ம்ம்" என்று ஒரு பெருமூச்சு விடுவாய் இல்லையா, அதற்காகவே அவள் தினமும் காலையில் அதைப் போட்டுக் கேட்கிறாளாம். நான் விஷயத்தை ஆரம்பித்ததுமே அவள் முகம் மாறியது.

"எடுத்துடப் போறீங்களாண்ணா?"

"எடுக்கல பர்வீன். ஆனா ஒட்டினதுன்னு எழுதணும். அந்த டீச்சரம்மா பசங்களுக்குப் போட்டுக் காட்றாங்க. தெரிஞ்சதுக்கப்புறம் எப்படி சும்மா இருக்கறது? அவன் பேரும் கெட்டுப்போகுமேன்னுதான் உன்கிட்ட கேக்க வந்தேன்."

 அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "எனக்குத் தெரியும்ணா. அன்னைக்கே சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழம உங்க வூட்டுலருந்து வந்தா மொத கேள்வி அதான் கேப்பேன், சொல்லிட்டீங்களான்னு. 'இன்னைக்கு நல்லா வாசிச்சிக்கினு இருந்தான், எப்படி சொல்றது'ம்பாரு. மூணு வருஷமா இதே கததான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"நீங்க ஒரு வாட்டி ஒக்காந்து கேட்டிருக்கலாமேண்ணா. 'கேட்டா அவனுக்கே தெரிஞ்சிடும், அப்ப திட்டுவான், வாங்கிக்கறேன்'னு அதுக்குத்தான் காத்துக்கினு இருந்தாரு."

 அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது, "எழுதுங்கண்ணா. அவரு பேரப் போட்டே எழுதுங்க. எழுதினா அவருக்குத் தூக்கம் வரும்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். இந்தப் பதிவைக் கேட்கும் எல்லோருக்கும்: இது ஒரே மூச்சில் வாசித்தது அல்ல. இரண்டு வாசிப்புகளை ஒட்டியது. ஒட்டியவன் என் நண்பன். அன்று அவன் ஒட்டியிராவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் கேட்ட பதிவுகளில் ஒன்றுகூட இருந்திருக்காது, பியானோவையே விற்றிருப்பேன். ஆனாலும் கீழே எழுதியிருந்தது பொய். அந்தப் பொய்யில் பாதி என்னுடையது. என் வாசிப்பை நானே கேட்கப் பயந்து, கேட்கிற பாரத்தை முழுக்க அவன் தலையில் தூக்கி வைத்துவிட்டு, காபி போடப் போனவன் நான். அந்த டீச்சரம்மாவுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம்.

போன ஞாயிறு அதே பகுதியை மறுபடி பதிந்தேன். லலிதா அக்கா தானாகவே மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனார். நானே பொத்தானை அழுத்திவிட்டு, நானே போய் உட்கார்ந்தேன். ஒரே ஒரு தடவைதான் வாசித்தேன். இடது கை அதே இடத்தில் மறுபடியும் தவறியது. நிறுத்தாமல் கடைசி வரை வாசித்தேன்.

பிறகு உன் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டேன். தப்பு வரும் இடம் நெருங்கியபோது எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தேன். வந்தது, போய்விட்டது. இவ்வளவு சின்னதுக்குப் பயந்துகொண்டா உன்னை மூன்று வருடம் தனியாகத் தவிக்கவிட்டேன்? அழுதுவிட்டேன் மச்சான். ஸ்டெல்லா வந்து பார்த்துவிட்டு, ஃபேனைப் போட்டுவிட்டுப் போனாள்.

பழைய பதிவு அங்கேயே இருக்கும், உண்மையைக் கீழே தாங்கிக்கொண்டு. பர்வீன் கேட்க வேண்டும். புதியது பக்கத்தில் இருக்கும், தப்போடு. இனிமேல் போடும் ஒவ்வொன்றையும் முதல் ஆளாக உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை நானே கேட்டுவிட்டுத்தான் போடுவேன். இது உனக்குத் தரும் வாக்கு. கூசினாலும் எழுந்து போகமாட்டேன்.

உன்னைத் திட்டியிருக்கவே மாட்டேன், நசீர். அது உனக்குத் தெரியாமலே போய்விட்டதே!

பக்கத்திலேயே இருந்தும் கேட்காமல் போன உன் மச்சான்,
செல்வின்